அத்தியாயம் 6: தொட்டிலில் நின்ற மூச்சு

கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த குழந்தை பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் ஒரு தடவை செத்துப் பிழைத்துவிட்டது.

ஜமால் அதைப் பார்க்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றான். உள்ளூர் எஃப்.எம்.மில் வாய் ஓயாமல் பேசி, நேயர்கள் களைப்பதற்கு முன்பே மேலாளர் களைத்துப்போனதால் வேலையை விட்டவன் அவன். இப்போது மலைக்கோட்டை அடிவாரத்தில் ஒரு பாத்திரக்கடை மாடியில் இயங்கும் டோரதியின் துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளன். பிணத்துக்குப் பக்கத்தில் நின்றால்கூட ஏதாவது ஒன்றைச் சொல்லி வைப்பான். ஆனால் இந்தப் பிஞ்சு நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்ததும் பேச்சை விட்டு மூச்சை எண்ணத் தொடங்கிவிட்டான். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருந்தது. அந்த இடைவெளிதான் அவனைப் பயமுறுத்தியது.

டோரதி மட்டும் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். துப்பறிய வருவதற்கு முன்னால் ஓர் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் பாதி ஆயுளைக் கழித்தவர்.

"நேத்து தூக்கிட்டு வரும்போது மூச்சே இல்ல மேடம்," என்றார் டாக்டர் அல்ஷிஃபா. "உதடெல்லாம் நீலம். கண்ணோட கருமணி மட்டும் கடுகு மாதிரி சுருங்கியிருந்தது. அதைப் பார்த்துதான் சந்தேகம் வந்து மாத்து மருந்து போட்டேன். போட்டதும் வீல்னு அழுதான். ரத்தத்தைப் பரிசோதிச்சா ஃபென்டனில் இருக்கு. அபின் வகை வலி மருந்து. கேன்சர் வலிக்குத் தோல்ல ஒட்டுற பட்டையா வருமே, அதுல இருக்கிறது."

"எவ்வளவு இருந்தது?"

"அதான் விசித்திரம். துளியூண்டு. இதே அளவு உங்க ரத்தத்துல இருந்தா ஒரு கொட்டாவி விட்டுட்டு வேலையைப் பார்த்துட்டுப் போயிடுவீங்க."

"துளியூண்டு மருந்துக்கு மூச்சு நிக்குமா டாக்டர்?" என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டான் ஜமால்.

"வயசைப் பொறுத்து நிக்கும். மருந்து ரத்தத்துக்குள்ள போனதும் அங்க இருக்கிற புரதம் அதுல பெரும்பகுதியைப் பிடிச்சு வச்சுக்கும். பிடிபட்ட மருந்தால ஒரு வேலையும் நடக்காது. பிடிபடாம சுத்துறது மட்டும்தான் மூளைக்குப் போகும். பிறந்த குழந்தைக்கு அந்தப் புரதம் இன்னும் சரியா ஊறியிருக்காது. அதனால நமக்குச் சுத்துற மாதிரி ரெண்டு பங்கு அவனுக்குள்ள சும்மா சுத்தும். வந்த மருந்தைக் கழிச்சு வெளிய தள்ற ஈரலும் இன்னும் வேலை பழகலை."

ஜமால் இப்போதுதான் திரும்பினான். "புரிஞ்சுடுச்சு. நம்ம சத்திரம் - ஸ்ரீரங்கம் ஒண்ணாம் நம்பர் பஸ். சீட் கிடைச்சவன் ஜன்னல் பக்கம் சாஞ்சு தூங்கிடுவான். சீட் கிடைக்காதவன்தான் படிக்கட்டுல தொங்கிக்கிட்டு ரகளை பண்ணுவான். இந்தப் பயலோட பஸ்ல இன்னும் சீட்டே மாட்டலை."

டாக்டர் அல்ஷிஃபாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மாணவர்களுக்கு இனிமே இப்படியே சொல்லிடறேன்."

"பஸ் ரொம்பப் பழசானா?" என்றார் டோரதி.

"அப்பவும் சீட் கழண்டு விழும். உடம்பு வத்திப்போன வயசானவங்களுக்குப் புரதம் குறைஞ்சுடும். வாலிபன் தாங்குற பட்டை அவங்களைத் தூங்கடிச்சுடும். வேற காரணமும் உண்டு, ஆனா வயசு பெரிய காரணம்."

"குழந்தைக்கு என்ன குடுத்தாங்கன்னு கேட்டீங்களா?"

"கேட்டுக் கேட்டு அலுத்துட்டேன். தாய்ப்பாலைத் தவிர ஒண்ணும் குடுக்கலைன்னு வீடே ஒரே குரல்ல சொல்லுது. தாயோட ரத்தத்துலயும் பால்லயும் இந்த மருந்து இல்ல. அப்ப யாரோ குடுத்திருக்காங்க."

வெளியே வராந்தா பெஞ்சில் குழந்தையின் அம்மா நிறைமதி உட்கார்ந்திருந்தாள். டோரதியை வரவழைத்தவள் அவள்தான். பெற்ற உடம்பு இன்னும் தேறவில்லை. அழுது முடித்து வறண்டுபோன முகம்.

"இவன் ரெண்டாவது மேடம்," என்றாள். "பெரியவன் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரி போயிட்டான். ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்குத் தூக்கிட்டுப் போன அன்னைக்கே. பால் புரையேறிடுச்சுன்னாங்க, புதைச்சுட்டோம். ரெண்டு தடவையும் குழந்தையைக் குளிப்பாட்டித் தொட்டில்ல போட்டது என் நாத்தனார். அவங்க வீட்டுக்காரர் கேன்சர்ல இறந்தவர். அவருக்கும் இந்தப் பட்டைதான் ஒட்டினாங்களாம். அதைக் கேட்டதும் என் புருஷன் சொந்த அக்கா மேலயே போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டார். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவங்களைக் கூட்டிட்டுப் போக வராங்க."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"பெரியவன் போனதுலேர்ந்து அண்ணி எந்தக் குழந்தையையும் தொட்டதில்ல. எதிர்வீட்டுப் பாப்பா ஓடி வந்தாக்கூடக் கையைக் கட்டிக்கிட்டு நிப்பாங்க. இந்தத் தடவை நான்தான் வற்புறுத்திக் குளிப்பாட்டச் சொன்னேன்." நிறைமதியின் குரல் உடைந்தது. "அவங்கதான்னா அவங்கதான்னு சொல்லிடுங்க. இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க. தெரியாம அந்த வீட்டுக்குள்ள என் பிள்ளையைத் தூக்கிட்டுப் போக மாட்டேன்."

*

காவேரிப் பாலத்தில் வண்டி ஊர்ந்தது. சித்திரை வெயிலில் ஆறு மணலாகக் கிடந்தது. நடுவில் ஒரு வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடியது.

"நாத்தனார்தான் மேடம்," என்றான் ஜமால் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே. "கைவசம் மருந்து, கடைசியாத் தொட்ட கை, ரெண்டு தடவையும் ஆஜர். இன்ஸ்பெக்டர் ஸ்டீபன்ராஜுக்கு இதுக்கு மேல என்ன வேணும்? தேங்காய் உடைச்சு வச்சாச்சு, சட்னி அரைக்க வேண்டியதுதான் பாக்கி."

"இவ்வளவு கஞ்சத்தனமா யாராவது விஷம் வைப்பாங்களா ஜமாலு?"

"புரியலை."

"விஷம் வைக்கிறவளுக்கு அளவு தெரியாது. பயத்துல அள்ளி வைப்பா. அவகிட்ட முழுப் பட்டை இருக்குன்னா அதைக் குழந்தை முதுகுலயே ஒட்டியிருக்கலாம். இங்க கிடைச்சது துளி. கொல்ல நினைக்கிற கை இப்படி வேலை செய்யாது. இது தெரியாமப் பட்டது. ஆனா எப்படி உடம்புக்குள்ள போச்சு? யாருமே எதுவுமே குடுக்கலைங்கிறாங்களே."

அந்த வாக்கியத்தை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜமாலுக்கோ மணலைப் பார்த்தாலும் கண்ணாடிப் பெட்டிதான் தெரிந்தது.

அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது வீடு. தொட்டியத்தில் வாழை போட்டுச் செழித்த வெள்ளைச்சாமி, நிறைமதியின் மாமனார், பிள்ளைகள் படிப்புக்காக ஸ்ரீரங்கத்துக்கு வந்து கட்டிய வீடு. கூடத்தில் காலடி வைத்ததும் ஜமால் சட்டென்று நின்றுவிட்டான்.

கூடத்து நடுவில் புடவைத் தொட்டில் தொங்கியது. காலியாக இருந்தாலும் மெதுவாக ஆடியது. ஃபேன் காற்றுதான் என்று புத்திக்குத் தெரிந்தது. கை ரோமத்துக்கு யார் சொல்லிப் புரியவைப்பது?

"அவிழ்க்க ஒருத்தருக்கும் மனசு வரலை," என்றார் நாற்காலியில் உட்கார்ந்திருந்த வெள்ளைச்சாமி. எழுபதைத் தாண்டிய மனிதர். முழுக்கைச் சட்டை போட்டு, கழுத்துப் பொத்தான் வரைக்கும் பூட்டியிருந்தார். "அதே புடவை. பெரியவனுக்குக் கட்டின அதே புடவை. வேற கட்டியிருக்கணும்."

"பெரியவர் முகூர்த்தத்துக்குக் கிளம்பின மாதிரி இருக்காரே," என்று டோரதியின் காதில் ஓதினான் ஜமால். "இந்த வெக்கையில நான் மட்டும் சொந்த வீட்ல இருந்தா பனியன்கூட பாரம்."

 டோரதி பெரியவரை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

சமையலறை வாசலில் நாத்தனார் ஆனந்தவள்ளி நின்றிருந்தாள். காலடியில் துணி அடைத்த ஒரு பை. முந்தானைக்குள் இரண்டு கைகளையும் சுற்றி மறைத்துக்கொண்டிருந்தாள்.

"போலீஸ்னு நினைச்சேன்," என்றாள். "நான் தயாரா இருக்கேங்க. வேணும்னு எதுவும் பண்ணலை. ஆனா என் கைதான். புருஷனைப் பார்த்துக்கிட்ட கை. அவரும் போனார். அடுத்து பெரியவன். இப்ப இவன். இந்தக் கை பட்டா ஆகாதுங்க. தெரிஞ்சும் தொட்டேன்."

குற்றவாளிகள் இல்லை இல்லை என்று சத்தியம் செய்து ஜமால் நிறையக் கேட்டிருக்கிறான். கேட்காமலே ஒருத்தி ஆமாம் என்று தலையாட்டுவதை இன்றுதான் பார்க்கிறான். அவளுக்காக அவனுக்குக் கோபமாக வந்தது. யார் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை.

"வீட்டுக்காரருக்கு ஒட்டின பட்டையில மிச்சம் இருந்ததா?" என்று கேட்டார் டோரதி.

"காரியம் முடிஞ்ச மறுநாளே ஆஸ்பத்திரியில திருப்பிக் குடுத்துட்டேங்க. வீட்ல ஒண்ணுகூட இல்ல."

"நேத்து குழந்தை வந்ததுலேர்ந்து என்ன நடந்ததுன்னு வரிசையாச் சொல்லுங்க."

"ஆரத்தி எடுத்தோம். உள்ள வந்தாங்க. எல்லாரும் சுத்தி உட்கார்ந்து பார்த்தோம். அப்புறம் நான் வெந்நீர் விளாவிக் குளிப்பாட்டினேன். தொட்டில்ல போட்டேன். கொஞ்ச நேரத்துல பார்த்தா..." அவள் முந்தானையை இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள்.

"நடுவுல யாராவது எதாவது குடுத்தாங்களா?"

"ஒண்ணும் குடுக்கலைங்க."

"நல்ல வெந்நீரா? கையை விட்டுப் பார்த்தீங்களா, இல்ல முழங்கையா? எங்க அம்மா எப்பவும் முழங்கையைத்தான்..." என்று ஆரம்பித்த ஜமாலை டோரதி முறைத்தார்.

"கொஞ்சம் சும்மா இருக்கியா?"

"என்னைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல மேடம். நான் பிறந்ததும் எங்க பெரியத்தா, அதான் அத்தாவோட அண்ணன், பேரீச்சம்பழத்தை மென்னு என் வாயில தடவினாராம். மனுஷன் காந்தி மார்க்கெட்ல ஏலம் கூவுறவர். அந்த நாக்கு எனக்கு வந்துடுச்சு. நல்ல குணம் வரணும்னு நினைச்சவங்க ஒரு ஊமையைப் பிடிச்சிருக்கணும்."

அவனை அடக்க நீட்டிய டோரதியின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. அவர் மெதுவாக ஆனந்தவள்ளியின் பக்கம் திரும்பினார்.

"உங்க வீட்ல சேனை வைக்கிற வழக்கம் உண்டா?"

"உண்டே. குழந்தைக்கு நல்ல குணம் வரணும்னு சர்க்கரைத் தண்ணியை விரலால தொட்டு நாக்குல வைப்போம். ஆஸ்பத்திரியில வச்சா டாக்டரம்மா திட்டுவாங்கன்னு வீட்டுக்கு வந்ததும் வச்சோம்."

"இதை ஏன் யாருமே சொல்லலை?"

ஆனந்தவள்ளி விழித்தாள். "அது சேனைதானேங்க. அது குடுக்கிறதுல சேர்த்தியா?"

 இந்த வீட்டில் யாரும் பொய் சொல்லவில்லை. டாக்டர் கேட்டது உணவு. இவர்கள் கொடுத்தது ஆசீர்வாதம். ஆசீர்வாதத்தை யார் கணக்கில் சேர்ப்பார்கள்?

"யார் வச்சது?"

"அப்பாதான். அவர் குணம் வரணும்னு எல்லாருக்கும் ஆசை. ரெண்டு பேருக்கும் அப்பாதான்..."

 அதற்குள் டோரதி கூடத்துக்குப் போய்விட்டார்.

*

வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. கூடத்தில் இன்னும் விளக்குப் போடவில்லை. டோரதி ஒரு நாற்காலியை இழுத்துப் பெரியவருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"ஐயா, படித்துறை பக்கத்துலயே இருக்கே, தினமும் காவேரியில குளிப்பீங்களா?"

"ஒரு காலத்துல. இப்ப இல்லம்மா. ரெண்டு மூணு வருஷமா வீட்லதான்."

"படித்துறைன்னா சட்டையைக் கழட்டணும். அதனாலயா?"

வெள்ளைச்சாமி கழுத்துப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"இந்த இருட்டுல என் கண்ணைப் பாருங்க, ஜமால் கண்ணைப் பாருங்க. கருமணி அகலமா விரிஞ்சிருக்கும். உங்களுக்கு மட்டும் நட்டநடு வெயில்ல நிக்கிற மாதிரி கடுகா இருக்கு. நேத்து குழந்தைக்கும் இப்படித்தான் இருந்ததாம். சட்டையைக் கொஞ்சம் திறங்கய்யா."

பெரியவர் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். மகள் அங்கிருந்து வரவில்லை என்று தெரிந்ததும் ஒவ்வொன்றாகப் பொத்தான்களைக் கழற்றினார். நரைத்த நெஞ்சு ரோமத்துக்கு மேலே, தோள்பட்டைக்குக் கீழே ஒரு பட்டை ஒட்டியிருந்தது. முழுப் பட்டை இல்லை, கத்தரிக்கோலால் வெட்டின பாதி.

"மாப்பிள்ளை காரியம் முடிஞ்ச கையோட எனக்கும் அதே வியாதின்னு சொன்னாங்க," என்றார் மிக மெல்லிய குரலில். "எலும்புக்குள்ள. மெதுவாப் போற வகை. டவுனுக்குப் போறேன், வாழைத்தார் கமிஷன் மண்டிக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போய் வாங்கிட்டு வருவேன். புருஷன் வலியில துடிச்சதைப் பக்கத்துல இருந்து பார்த்தவ என் மக. மறுபடி ஒரு ஆளை அவ அப்படிப் பார்க்க வேணாம்னுதான் மறைச்சேன்."

"பாதியா ஏன் வெட்டினீங்க?"

"முழுசா ஒட்டினா உட்கார்ந்த இடத்துல தூங்கி விழுறேன். அவ கண்டுபிடிச்சுடுவா. வெட்டக் கூடாதுன்னுதான் சொன்னாங்க. வெட்டினா உள்ள இருக்கிற பசை விரல்ல பிசுபிசுன்னு ஒட்டும். வேட்டியில துடைச்சுக்குவேன்."

"நேத்துக் காலையில?"

"பேரன் வர்ற நாளாச்சே. வலி இல்லாம நிமிர்ந்து நிக்கணும்னு புதுசு போட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அவர் சொன்னது அவருக்கே கேட்டது. வலது கை ஆள்காட்டி விரலை மெதுவாகத் தூக்கிப் பார்த்தார். பிறகு அது வேறு யாருடைய விரலோ என்பதுபோல மடியில் போட்டுக்கொண்டார்.

"உங்க வயசான ரத்தத்தால அந்த மருந்தைப் பிடிச்சு வைக்க முடியலை. அதனால வெட்டினீங்க," என்றார் டோரதி, ரொம்பவும் தணிந்த குரலில். "வெட்டினதுல ஒழுகினது, பிடிச்சு வைக்கவே தெரியாத பச்சை ரத்தத்துக்குப் போயிடுச்சு. வேற ஒண்ணும் இல்லைங்கய்யா. தெரியாம நடந்தது. குழந்தை பிழைச்சுட்டான்."

அதோடு அவர் எழுந்துகொண்டார். ஏன் எழுந்துகொண்டார் என்று ஜமாலுக்குப் புரிந்தது. இந்தக் கணக்கில் இன்னொரு பாதி இருந்தது. அதைச் சொல்ல டோரதிக்கு மனசு வரவில்லை. புதைத்துவிட்ட பிள்ளைக்கு இனிமேல் பரிசோதனை ஏது? சொல்லாமலே விட்டால் இந்தக் கிழவர் மிச்ச நாளை நிம்மதியாகக் கழித்துவிட்டுப் போவார். போகட்டும் என்றுதான் ஜமாலும் நினைத்தான்.

வாசலில் ஜீப் நின்றது. இன்ஸ்பெக்டர் ஸ்டீபன்ராஜ் உள்ளே வந்தார். பின்னாலேயே குழந்தையின் அப்பா ஜெயக்குமார், கண்ணெல்லாம் சிவந்து. டோரதி இருவரிடமும் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். இன்ஸ்பெக்டர் பெரியவரின் நெஞ்சில் இருந்த பட்டையைக் குனிந்து பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

ஜெயக்குமார் மட்டும் அடங்கவில்லை. "சரி, இவனுக்கு நடந்தது தெரியாம நடந்ததுன்னே இருக்கட்டும். பெரியவன்? அவனுக்கு என்ன பதில் மேடம்? அன்னைக்கும் கடைசியாத் தொட்டது அக்காதானே? அதைச் சொல்லுங்க!"

 டோரதி தரையைப் பார்த்தார். தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

ஆனந்தவள்ளி கூடத்துக்கு வந்து நின்றாள். அப்பாவின் திறந்த நெஞ்சைப் பார்த்தாள். பட்டையைப் பார்த்தாள். அது என்னவென்று அந்த வீட்டில் அவளுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. அவர் முகத்தைப் பார்த்ததும் மிச்சமும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நான்தான் குமாரு," என்றாள் அவசரமாக. "பெரியவனைக் குளிப்பாட்டும்போது மூக்குல தண்ணி போயிடுச்சு. பயத்துல சொல்லாம இருந்துட்டேன். சார், எழுதிக்குங்க. அது என் கையாலதான்."

அவள் சொல்வது பொய் என்று ஜமாலுக்குச் சத்தியமாகத் தெரிந்தது. இவ்வளவு நேரம் இல்லாத தண்ணீர் இப்போது எங்கிருந்து வந்தது? இன்ஸ்பெக்டர் டோரதியைப் பார்த்தார். டோரதி பெரியவரைப் பார்த்தார்.

வெள்ளைச்சாமி நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நிற்பதற்கே அவருக்கு நேரம் பிடித்தது.

"அவ பொய் சொல்றாடா. பெரியவனுக்கும் சேனை வச்சது நான். அன்னைக்கும் காலையில பட்டை வெட்டினேன். அன்னைக்கும் நிமிர்ந்து நிக்கணும்னு ஆசைப்பட்டேன். உன் பிள்ளையைக் கொண்டுபோனது என் விரல். உன் அக்கா கை இல்ல."

ஜெயக்குமார் சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டான். 

ஆனந்தவள்ளி ஓடிப்போய்த் தள்ளாடின அப்பாவைத் தாங்கிப் பிடித்தாள். முந்தானைக்குள்ளிருந்து அவள் இரண்டு கைகளும் வெளியே வந்திருந்தன.

"ஏம்ப்பா சொன்னீங்க?" என்றாள். "எனக்குத்தான் பழி பழகிடுச்சே. நானே இருந்துட்டுப் போயிருப்பேனே."

"பழகிடுச்சுன்னு சொல்றே பாரு," என்றார் அவர். "அதுக்காகத்தான்மா சொன்னேன்."